பிளேடு மாற்றும் சவரக்கத்தி: வாங்கியதும் சீர்செய்ததும்

மடக்குக் கத்தியால் வீட்டிலேயே சவரம் செய்துகொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. முதலாவது, முழுக்க எஃகால் ஆன பழைய கத்தி. அவ்வப்போது கல்லில் தீட்ட வேண்டும், ஒவ்வொரு சவரத்துக்கு முன்பும் தோல்வாரில் இழுக்க வேண்டும், துடைத்து எண்ணெய் பூசி வைக்க வேண்டும். அந்தப் பொறுமை எனக்குப் பிறவியிலேயே இல்லை. இரண்டாவது, அதே வடிவத்தில், வெட்டும் இடத்தில் மட்டும் பிளேடைச் செருகிக்கொள்ளும் கத்தி. நம் ஊர் சலூன்களில் இப்போது புழங்குவது பெரும்பாலும் இதுதான். நான் வாங்கியதும் இதைத்தான்.

சலூன்களில் தோல்வார் மறைந்ததற்குத் திட்டவட்டமான ஒரு பின்னணி உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், சென்னையில், டாக்டர் சுனிதி சாலமன் குழுவினரால். அதற்குப் பின் வந்த விழிப்புணர்வுப் பிரசாரங்களில், சலூனுக்குப் போனால் புது பிளேடு போடச் சொல்லிக் கேளுங்கள் என்ற அறிவுரையும் சேர்ந்துகொண்டது. உண்மையில், பகிர்ந்துகொள்ளும் கத்தியில் அதிகம் அஞ்ச வேண்டியது ஹெபடைடிஸ் பி கிருமிக்குத்தான். உடலுக்கு வெளியே, காய்ந்த இரத்தத்தில், குறைந்தது 7 நாட்கள் அது தாக்குப்பிடிக்கும். எனவே நம் வீட்டுக் கத்தியாகவே இருந்தாலும், அண்ணனும் தம்பியும் ஒரே பிளேடைப் பயன்படுத்தக் கூடாது.

கத்தி வாங்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் கைப்பிடியின் அழகில் மயங்குகிறார்கள். மர வேலைப்பாடு, மான் கொம்பு போன்ற தோற்றம், செதுக்கிய பூ. எல்லாம் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் முகத்தில் படுவது பிளேடு. கத்தி அந்தப் பிளேடை அசையாமல் பிடித்துக்கொண்டால் போதும். அதனால் எந்தப் பிளேடு போடப்போகிறோம் என்பதை முதலில் முடிவுசெய்துவிட வேண்டும். கத்தி அதற்குப் பிறகுதான்.

நம் ஊரில் எளிதாகக் கிடைப்பது சாதாரண இருமுனை பிளேடு. கிங் கேம்ப் ஜில்லெட் 1904இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற அதே வகை. ஏறத்தாழ 0.1 மி.மீ தடிமன். நடுவே நீளமாகத் துளை இருப்பதால், உறையோடு சேர்த்து இரு முனைகளையும் பிடித்து நீளவாக்கில் மடக்கினால் சட்டென்று இரண்டாக உடையும். ஒரு பாதி இன்றைக்கு, மறுபாதி அடுத்த முறைக்கு. செவன் ஓ கிளாக், சூப்பர்மேக்ஸ், டோபாஸ் என்று பெட்டிக்கடையில்கூட ஏதாவது ஒன்று தொங்கும். உடைக்கச் சோம்பல்படுகிறவர்களுக்காகவே ஏற்கெனவே பாதியாக்கிய பிளேடுகள் நூறு கொண்ட பெட்டியாக வருகின்றன. துருக்கியின் டெர்பி அதில் பெயர்பெற்றது.

இன்னொரு வகை ஜப்பானுடையது. கத்தித் தொழிலுக்குப் பேர்போன செகி என்ற ஊரில் ஃபெதர், காய் ஆகிய இரண்டு நிறுவனங்களும் வேரூன்றியவை. ஃபெதரின் ஆர்ட்டிஸ்ட் கிளப் வரிசைக் கத்திக்கென்று உருவான பிளேடு, இருமுனை பிளேடைப்போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு தடிமன், நீளமும் அதிகம். காய் நிறுவனத்தின் கேப்டன் பிளேடும் அதே கத்தியில் பொருந்தும். மருத்துவமனை ஆய்வகங்களில் திசுக்களை மெல்லிய சீவலாக வெட்டும் கருவியிலும் ஃபெதர் பிளேடு உண்டு என்று சொன்னால், கூர்மையைப் பற்றி மேலே பேசத் தேவையில்லை. ஆனால் இந்தப் பிளேடை நம் தெருக்கடையில் வாங்க முடியாது. இணையத்தில் வரவழைக்க வேண்டும். ஒரு பிளேடின் விலையில் இங்கே பல பாக்கெட் வாங்கிவிடலாம்.

இந்தத் தடிமன் வேறுபாட்டை அற்பமாக நினைக்கக் கூடாது. மெல்லிய பிளேடு வளையும். தடித்த மயிரில் பட்டதும் விளிம்பு நுண்ணியதாகத் துடிக்கும். அந்தத் துடிப்புதான் சருமத்தில் எரிச்சலாகத் தெரிகிறது. மெல்லிய பிளேடைப் போடும் கத்தி அதை விளிம்புக்கு மிக அருகில், நீளம் முழுவதும் ஒரே அழுத்தத்தில் கவ்வியிருக்க வேண்டும். தடித்த பிளேடு தன் வலிமையிலேயே நிமிர்ந்து நிற்பதால், கத்தியின் குறைகளைப் பெருமளவு பொறுத்துக்கொள்ளும். விலை மலிந்த பிளேடுக்குத்தான் நேர்த்தியான கத்தி அதிகம் தேவைப்படுகிறது. கடைகளில் நடப்பதோ இதற்கு நேர்மாறு.

எதை வாங்கினாலும் பிளேடு எங்கும் கிடைக்க வேண்டும் என்பது என் நிபந்தனை. ஆகவே அரை பிளேடு வகையையே முடிவுசெய்தேன். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நண்பரிடமிருந்து ஃபெதர் கத்தி ஒன்றையும் இரவல் வாங்கிக்கொண்டேன். பிளேடு மட்டும் நான் தனியாக வாங்கியது.

கடைக்குப் போவதற்கு முன் எங்கள் தெருமுனைச் சலூன் அண்ணனிடம் கேட்டேன். கையிலிருந்த வேலையை நிறுத்தாமலே சொன்னார்: “தம்பி, வாங்கும் முன் பிளேடைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். வெறும் கத்தி எல்லாமே ஒழுங்காகத்தான் தெரியும்.” பிறகு தன் கத்தியைத் திறந்து காட்டினார். தள்ளு வகை. பிளேடு உட்காரும் தட்டை வெளியே இழுத்து, அரை பிளேடை வைத்து, மறுபடி உள்ளே தள்ளினால் இரண்டு தகடுகளுக்கு நடுவே பிளேடு இறுகிக்கொள்கிறது. வாடிக்கையாளருக்கு வாடிக்கையாளர் பிளேடு மாற்றுகிறவருக்கு இதைவிட வேகமான அமைப்பு இல்லை. “உங்களுக்கு வேகம் எதற்கு? கிளிப் வகை வாங்குங்கள், பிடி நன்றாக இருக்கும்” என்றார்.

பாரிமுனையில் சலூன் சாமான் விற்கும் கடைகளில் இந்த இரண்டு வகைகளும் குவிந்து கிடக்கும். கிளிப் வகையில் தலைப்பகுதி இரண்டு இலைகளாகத் திறக்கும். பிளேடை வைத்து மூடி, மேலே ஒரு கொக்கியைப் போட்டுப் பூட்ட வேண்டும். நான் பாக்கெட் பிளேடு ஒன்றையும், சட்டைப்பையில் ஒரு துண்டு கிராஃப் தாளையும், ஒரு சிறிய காந்தத்தையும், கொஞ்சம் பஞ்சையும் எடுத்துக்கொண்டு போனேன். கடைக்காரர் விநோதமாகப் பார்த்தார். ஆனால் தடுக்கவில்லை.

முதலில் பார்த்தது பிளேடு நேராக உட்காருகிறதா என்பதை. பிளேடு போட்ட கத்தியைக் கிராஃப் தாளின் மேல் படுக்க வைத்து, தலையின் உலோக விளிம்பை ஒரு கோட்டோடு ஒட்டினால், பிளேடின் கூர் அடுத்த கோட்டுக்கு இணையாக ஓடுகிறதா, சாய்கிறதா என்று உடனே தெரிந்துவிடும். ஒரு முனையில் அரை மி.மீ அதிகமாக எட்டிப் பார்த்தால்கூட அந்த முனைதான் முகத்தில் முதலில் இறங்கும். கடையில் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் இந்தச் சோதனையிலேயே விழுந்தன. ஒரே மாதிரியில் இரண்டு கத்திகளை எடுத்தால் ஒன்று நேர், மற்றது கோணல். ஆகையால் இந்தப் பொருளைப் படத்தைப் பார்த்து வாங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கையில் எடுத்த அந்தக் கத்தியே நல்லதா என்பதுதான் கேள்வி.

அடுத்தது பிடி. பிளேடின் பக்க முனையைப் பல்குச்சியால் தள்ளிப் பார்க்க வேண்டும். நகர்ந்தால் வேண்டாம். விரலால் தள்ளாதீர்கள், பல்குச்சிக்குத் தையல் போட வேண்டியதில்லை.

மூன்றாவது, பலரும் கவனிக்காமல் விடுவது: பிளேடின் இரு மூலைகள். உடைத்த அரை பிளேடின் கூர்விளிம்பு முடியும் இடம் ஊசிபோல் இருக்கும். கத்தியின் தலை அந்த மூலைகளை மறைக்கிறதா, திறந்து விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். காதோரத்திலும் மூக்கின் கீழும் வரும் சிறு கீறல்கள் பெரும்பாலும் மூலையின் வேலை. காதோரக் கோட்டைத் துல்லியமாக ஒதுக்க சலூன்காரர்களுக்குத் திறந்த மூலை தேவைப்படலாம். வீட்டில் கண்ணாடி முன் நிற்கிறவருக்கு மூடிய மூலைதான் உசிதம்.

பிறகு பஞ்சு. தலையின் முதுகிலும் ஓரங்களிலும் பஞ்சை இழுத்தால், பிசிறு இருக்கும் இடத்தில் இழை சிக்கும். தகட்டை அச்சில் வெட்டி எடுத்த மலிவுக் கத்திகளில் இந்தப் பிசிறு சாதாரணம். காந்தம் எதற்கென்றால், துருப்பிடிக்காத எஃகு என்று சொல்லி விற்பதில் என்ன இருக்கிறது என்று ஓரளவு ஊகிக்க. 304 வகை எஃகைக் காந்தம் அநேகமாக ஈர்க்காது. அதற்காக, ஈர்த்தால் போலி என்றும் அர்த்தமில்லை. துருப்பிடிக்காத எஃகிலேயே காந்தம் ஈர்க்கும் வகைகள் உண்டு. குரோம் பூசிய சாதாரண இரும்பை அடையாளம் காண நகத்தால் உட்பக்க மூலைகளைச் சுரண்டிப் பார்ப்பது கூடுதல் உதவி. பூச்சு உரியத் தொடங்கும் இடம் அதுதான்.

கடைசியாக ஆணி. கைப்பிடியும் தலையும் சேரும் இடத்து ஆணி, எந்தக் கோணத்தில் நிறுத்தினாலும் கத்தியை அப்படியே நிற்க வைக்க வேண்டும். திறக்கும்போது மல்லுக்கட்டவும் கூடாது. லொடலொடவென்று ஆடும் கத்தி, முகத்தில் கோணத்தை மாற்றும்போது கைக்குள்ளேயே சுழலும்.

இத்தனையும் பார்த்து, பார்க்கர் நிறுவனத்தின் கிளிப் வகைக் கத்தி ஒன்றை எடுத்தேன். இந்தியத் தயாரிப்பு, முழுக்க எஃகு, கையில் நல்ல கனம். கூடவே, பெயர் தெரியாத ஒரு தள்ளு வகையையும் வேண்டுமென்றே வாங்கினேன். பிளாஸ்டிக் கைப்பிடி, ஆடும் ஆணி, கோணல் பிளேடு, பிசிறு என்று சகல லட்சணங்களும் பொருந்தியது. மலிவுக் கத்தியை வேலை செய்து தேற்ற முடியுமா என்று பார்க்க ஆசை. உண்மையைச் சொன்னால் சவரத்தைவிட இந்த வேலைதான் எனக்கு அதிகம் பிடித்தது.

கோணலில் ஆரம்பித்தேன். தள்ளு வகையில், பிளேடின் முதுகில் இருக்கும் வெட்டுகளோடு பொருந்துவதற்காகத் தட்டில் சிறு மேடுகள் இருக்கும். பிளேடை நேராக நிறுத்துபவை அவை. உருப்பெருக்கியில் பார்த்தால், ஒரு மேட்டின் அடியில் குரோம் பூச்சு சொட்டாகத் திரண்டு உறைந்திருந்தது. பிளேடு அதன்மேல் ஏறி நின்றதால்தான் அந்தப் பக்கம் வெளியே துருத்தியது. ஊசி அரத்தால் அந்தத் திரட்டை மட்டும் மெதுவாக எடுத்தேன். மேட்டையே தேய்த்துவிட்டால் கத்தி குப்பைக்குத்தான். ஆகவே நாலைந்து இழுப்புக்கு ஒருமுறை பிளேடைப் போட்டுக் கிராஃப் தாளில் வைத்துப் பார்த்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். இதில் இன்னொரு விஷயமும் உண்டு. இருமுனை பிளேடை உடைக்கும்போது இரு கோடியிலும் இருக்கும் சிறு இணைப்புத்தான் முறிகிறது. அந்த முறிவில் சில சமயம் ஒரு முள் நீட்டிக்கொண்டு நிற்கும். கத்தி நேராக இருந்தாலும் அந்த முள் பிளேடைச் சாய்த்துவிடும். அப்படிப்பட்ட பாதியைத் தேய்த்துச் சரிசெய்ய முயல வேண்டாம். தூக்கிப் போட்டுவிட்டு மறுபாதியைப் போட வேண்டும். ஏற்கெனவே பாதியாக்கி வரும் பிளேடில் இந்தத் தொல்லை இல்லை.

பிசிறு எளிய வேலை. பிளேடைக் கழற்றிவிட்டு, ஒரு மரத்துண்டில் 400 எண் வாட்டர் பேப்பரைச் சுற்றி ஓரங்களைத் தேய்த்து, பிறகு 1000 எண்ணால் வழவழப்பாக்கினேன். தேய்க்கும்போது தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தால் தாள் அடைத்துக்கொள்ளாது. பஞ்சு எங்கும் சிக்காதவரை போதும். அதற்குமேல் தேய்த்தால் குரோம் போய் அடியில் இருக்கும் இரும்பு தெரிய ஆரம்பித்துவிடும். தட்டு நுழையும் பள்ளத்தின் உள்ளேயும் பிசிறு உண்டு. வாட்டர் பேப்பரை மடித்துப் பள்ளத்துக்குள் விட்டு முன்னும் பின்னும் இழுத்ததில், முக்கி முக்கி நுழைந்த தட்டு தடங்கலின்றிப் போனது. ஆனால் அளவுக்கு மீறி இழுத்தால் பிடி தளர்ந்துவிடும். அங்கேயும் பல்குச்சிச் சோதனைதான்.

ஆணியில் கொஞ்சம் தந்திரம் வேண்டும். ஆணியின் ஒரு தலையை இரும்புப் பட்டறையின்மேல் வைத்து, மறுதலையின் ஓரத்தைச் சுற்றிச் சுற்றி, சிறிய உருண்டைத்தலைச் சுத்தியலால் தட்ட வேண்டும். அடிப்பது என்று சொல்லவே கூடாது, தட்டுவதுதான். நடுவில் போட்டால் ஆணி வளையும், ஓரத்தில் தட்டினால் தலை விரிந்து இறுகும். பிளாஸ்டிக் கைப்பிடியில் நேராகத் தட்டினால் விரிசல் விடும் என்பதால், முதலில் கைப்பிடிக்கும் தலைக்கும் நடுவே மெல்லிய பித்தளை வாஷர் நுழைய இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. ஆகவே மிக மெதுவாக, தட்டுவதும் திறந்து மூடிப் பார்ப்பதுமாகவே மாலை கழிந்தது. இறுகிய பின் ஒரு சொட்டுத் தையல் எந்திர எண்ணெய்.

இனி சவரம். மூன்று கத்திகளுக்கும் ஒரே முறை: வெந்நீர்த் துணி ஒற்றி, பிரஷ்ஷால் சோப்பு நுரை நன்றாக ஏற்றி, மயிர் சாயும் திசையில் மட்டும் முதல் இழுப்பு. பழைய எஃகுக் கத்திக்கு 30 பாகைச் சாய்வு என்பார்கள். அரை பிளேடு அதைவிடப் படுத்த நிலையிலேயே நன்றாக வெட்டுகிறது. பழகியவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை: எஃகுக் கத்தி சிறு அழுத்தத்தை மன்னிக்கும், இது மன்னிக்காது. கையின் எடைகூட வேண்டாம்; கத்தியின் எடை போதும். விளிம்பின் நீளவாக்கில் கத்தி எக்காரணம் கொண்டும் நகரக் கூடாது. தக்காளியை நறுக்குவதும் அந்த அசைவுதான்.

பார்க்கர் கன்னத்தில் சிரமமே தரவில்லை. கனம் அதிகம் என்பதால் கை அழுத்த நினைப்பதில்லை. தாடை விளிம்பில், தோலை மற்றொரு கையால் மேல்நோக்கி இழுத்துப் பிடித்துக்கொண்டால் கோணம் மாறும் இடத்திலும் நடுங்கவில்லை. அரை பிளேடு சிறியது என்பதால் மேலுதட்டில் மூக்கின் கீழ் நன்றாக நுழைகிறது. மூடிய மூலை அங்கே கைகொடுத்தது. தொண்டையில், மயிர் சுழித்துக்கொண்டு வளரும் இடத்தில், சற்று இழுபட்டது. இரண்டாம் இழுப்பைக் குறுக்காகக் கொடுத்தேன், தீர்ந்தது.

ஃபெதர் வேறு உலகம். பிளேடை விரலால் தொடவே வேண்டியதில்லை. பிளேடு வரும் டப்பியிலிருந்து நேராகத் தலைக்குள் நழுவி ஏறிக்கொள்கிறது. இதற்காகவே அதை மெச்சலாம். தடித்த பிளேடில் துடிப்பு என்பதே இல்லை, தொண்டையில்கூட. கன்னத்தில் ஒரே இழுப்பில் அகலமாக வழித்துக்கொண்டு போகிறது. ஆனால் அதே அகலம் மூக்கின் கீழே இடைஞ்சல். முனையைச் சாய்த்து, ஓரத்தை மட்டும் கொண்டு வேலை செய்யப் பழக வேண்டும். பயமிருப்பவர்களுக்காக, விளிம்பின்மேல் மெல்லிய கம்பி ஓடும் புரோகார்டு என்ற பிளேடும் இதற்கு உண்டு. பழகும் காலத்துக்கு அது மெத்தச் சரி.

தேற்றிய மலிவுக் கத்தி? பிளேடு நேராகிவிட்டது, பிசிறு இல்லை, ஆணி நிற்கிறது. கன்னத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கைப்பிடி இலேசு என்பதால் எடை முழுவதும் தலைப்பக்கம் சாய்கிறது. விரல்கள் இடைவிடாமல் அதைப் பின்னுக்குப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. தகடுகள் விளிம்பிலிருந்து சற்று தள்ளியே பிளேடைக் கவ்வுவதால் தாடையில் அந்தத் துடிப்பும் தெரிகிறது. அரத்தாலும் சுத்தியலாலும் சரிசெய்யக் கூடிய குறைகள் இவை இல்லை; அச்சு வார்த்தபோதே வந்தவை. பின்கழுத்து மயிரை ஒதுக்க மட்டும் அதை வைத்துக்கொண்டேன்.

ஆகவே யாராவது கேட்டால் நான் சொல்வது: பிளேடு தெருக்கடையில் கிடைக்க வேண்டும் என்றால் மூடிய மூலையுள்ள கிளிப் வகை, எஃகில், கையில் எடுத்துச் சோதித்து. பணம் தடையில்லை, தடித்த தாடி, எரிச்சல் வரும் சருமம் என்றால் ஜப்பானிய வகை. ஜெர்மனியின் சோலிங்கனில் இருந்து வரும் டோவோ நிறுவனத்தின் ஷேவெட் என்ற கத்தியையும் சிலர் கொண்டாடுகிறார்கள். பிளேடைப் பிளாஸ்டிக் பிடிப்பானுக்குள் வைத்துச் செருகும் அமைப்பு, எடை மிகக் குறைவு. நண்பர் ஒருவரிடம் எடுத்துப் பார்த்தேன். கனமான கத்திக்குப் பழகிய என் கைக்கு அது ஒட்டவில்லை. முகப்பரு உள்ளவர்கள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் இந்தப் பக்கமே வராமல் இருப்பது நல்லது.

பராமரிப்பு சொற்பம். சவரம் முடிந்ததும் பிளேடை எடுத்துவிட்டு, தலையைத் திறந்து கழுவி, துடைத்து, திறந்தபடியே காய வைக்க வேண்டும். எங்கள் ஆழ்குழாய்த் தண்ணீரில் உப்பு அதிகம். கிளிப் மூட்டில் வெள்ளையாகப் படியும். எலுமிச்சைச் சாற்றில் சிறிது நேரம் ஊறவைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடுகிறது. சலவைத் தூள், பிளீச்சிங் நீர் எதிலும் போடாதீர்கள். எஃகில் புள்ளி புள்ளியாக அரிப்பு விழும். கிருமி நீக்க ஸ்பிரிட் போதும். சவரத்துக்குப் பின் முகத்துக்குப் படிகாரக்கல்.

அரை பிளேடு எனக்கு இரண்டு சவரம் நன்றாக வருகிறது. மூன்றாவதில் இழுக்கத் தொடங்குகிறது. கழித்த பிளேடுகளுக்குச் சத்துமாவுத் தகர டப்பா ஒன்றின் மூடியில் கீறல் போட்டு வைத்திருக்கிறேன். நிறைந்ததும் கீறலை டேப் ஒட்டி அடைத்து, உள்ளே என்ன இருக்கிறது என்று மேலே எழுதி, பழைய இரும்பு எடுப்பவரிடம் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். கத்தியோடு பிளேடுகளையும் விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக விட மாட்டார்கள். பயணத்தில் செக்-இன் செய்து ஒப்படைக்கும் பெட்டியில் போடுங்கள், பிளேடைக் கழற்றி.